ரப்பர் செடியின் சர்வீஸ் கார்டு

1

"மேல் பாதி எனக்கு. கீழ்ப் பாதி உங்களுக்கு."

"மாடி வீடா அது, மேல கீழன்னு பிரிச்சுக்க? வெட்டினா செத்துடும்."

"சாகாதாம். நர்சரிக்காரர்கிட்ட கேட்டுட்டேன். நடுத்தண்டுல பட்டையை உரிச்சு, ஈரப் பாசி வச்சுக் கட்டணுமாம். கட்டின இடத்துல வேர் விடும். வந்ததும் அதுக்குக் கீழ வெட்டிக்கலாம். மேல இருக்கறது தனிச் செடி ஆயிடும். கீழ இருக்கற தண்டு பக்கத்துல துளிர்த்துக்கும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"எட்டு வாரம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். செடியைப் பாதில விட்டுட்டு எப்படிப் போறது."

இந்தக் கதை இந்தப் பேச்சில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேசியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கேட்டுக்கொண்டிருந்தவள் கணவனின் தங்கை. ஏழாம் வகுப்பு அறிவியல் உரைநூலின் அச்சுப் படிகளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பிழை திருத்தும் சிவப்புப் பேனாவை மூட மறந்து செருகியிருந்ததால், சட்டைப் பையில் மை ஊறிக்கொண்டிருந்தது.

அவர்கள் பிரியப்போகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரிகிறோம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பேச்சு முழுக்கச் செடியைப் பற்றித்தான்.

அவளுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. 'அட, இது கதை' என்றுதான் தோன்றியது. (இந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கிடக்கட்டும்.)

2

'நான்' என்று நான்கு தடவை தொடங்கி நான்கு தடவையும் அடித்தாயிற்று. நான் என்று எழுதியதும் அந்த நான் ரொம்ப நல்லவளாகிவிடுகிறாள். கண்ணில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றுவிடுகிறாள். அதனால் 'அவள்'. அண்ணி அவளைக் கதைக்காரி என்று கூப்பிடுவாள். அதையே வைத்துக்கொள்வோம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மோட்டார் அறையில் ஓர் அட்டை தொங்கும். தேதி, செய்த வேலை, குறிப்பு, மெக்கானிக் கையெழுத்து, வாடிக்கையாளர் கையெழுத்து என்று ஐந்து கட்டம். அந்த அட்டையில் ஏறாத வேலை நடந்த வேலையே இல்லை என்பது அண்ணனின் கட்சி. வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் வடிகட்டிக்கு ஒரு கார்டு, மின்விசிறிக்கு ஒரு கார்டு. ரப்பர் செடிக்கும் ஒன்று.

அந்தச் செடி வந்ததே லிஃப்ட்டில்தான். ஏதோ ஓர் அலுவலகம் காலி செய்துகொண்டு போனபோது, ஐந்தாவது மாடிக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு குச்சி, மூன்று இலை. அண்ணன் அன்று பழுது பார்த்து முடித்த லிஃப்ட்டில் முதலில் இறங்கியது அதுதான். கல்யாணமாகி இரண்டே மாதம். வீட்டுக்குக் கொண்டுவந்து, கிழக்கு ஜன்னலுக்கு நாலடி தள்ளி வைத்து, தண்டில் நூலால் கார்டைக் கட்டினான். கார்டோடு ஒரு பேனா.

"இதுல வாடிக்கையாளர் யாரு?" என்று அண்ணி கேட்டாளாம்.

"நீதான்."

"அப்ப புகார் எழுதலாமா?"

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல எழுதலாம்."

ஆறு வருஷத்தில் பதினொரு கார்டு நிறைந்திருக்கிறது. குறிப்புக் கட்டத்தில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வார்த்தை, அண்ணன் கையெழுத்தில்: சரி. சரி. சரி. பக்கத்தில் அண்ணியின் கையெழுத்து.

அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். கடையிலிருந்து கொண்டுவரும், லென்ஸ் துடைக்கிற மெத்தென்ற துணியால் ஞாயிற்றுக்கிழமை செடியைத் துடைப்பாள். இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, வலது கையால் காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. அப்புறம் இலையைத் திருப்பி அடிப்பக்கம். "தூசி படிஞ்சா இதுக்கும் பார்வை மங்கிடும்" என்பாள். துடைத்து முடித்ததும் தொட்டியைக் கால் வட்டம் திருப்பிவிடுவாள். இல்லாவிட்டால் செடி ஜன்னல் பக்கமே சாய்ந்துகொண்டு போகும்.

இன்னொன்றும் கொண்டுவருவாள். படிக்கிற கண்ணாடி வாங்க வருபவர்கள் சோதித்துப் பார்க்கக் கடையில் நாலைந்து பழைய நாவல் போட்டு வைத்திருப்பார்கள். எல்லாம் மொழிபெயர்ப்பு. ஆயிரம் பேர் படித்துப் பார்த்து முதல் பக்கம் கறுத்துப்போனதும் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கல்லூரிப் படிப்புக்காக அண்ணன் வீட்டுக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அதைத்தான் அண்ணி கொடுத்தாள். ("எங்கள்" என்று வந்துவிட்டது. 'அவர்கள் வீட்டுக்கு' என்று திருத்த வேண்டும்.) முதல் பக்கம் படிக்க முடியாத நாவல்களைப் படித்தே கதைக்காரி வளர்ந்தாள். கதை எப்படித் தொடங்க வேண்டும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அவள் எழுதியதையெல்லாம் முதலில் படிப்பவள் அண்ணி. அண்ணனைக் கட்டிக்கொண்டதால் அவள் அண்ணி. நாளைக்கு அது இல்லை என்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? கதைக்காரி அகராதியை எடுத்துக்கூடப் பார்த்தாள். அண்ணியாக இருந்தவளைக் கூப்பிட நம்மிடம் சொல் இல்லை.

3

தொடக்கம், முதல் வரைவு:

"அந்த இலையுதிர்காலப் பிற்பகலில் அம்மனிதன் ஜன்னலருகே நின்றபடி தன் மனைவியை நோக்கினான். 'அன்பே,' என்றான் அவன், 'நாம் ஒருவரை ஒருவர் இழந்துகொண்டிருக்கிறோமோ என நான் அஞ்சுகிறேன்.'"

அண்ணி படித்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"யாருடி இவங்க?"

"நீங்களும் அண்ணனும்தான்."

"உங்கண்ணன் எப்போடி அஞ்சுகிறேன்னு சொன்னாரு? மனசு சரியில்லைன்னா மனுஷன் ஃபேனைக் கழட்டித் துடைப்பாரு. இந்த வாரம் மூணு தடவை துடைச்சாச்சு. அதை எழுது."

தொடக்கம், இரண்டாம் வரைவு:

"ரப்பர் செடிக்கு நேர்வெயில் ஆகாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். இதைப் போலவே மனித உறவுகளும்—"

(விட்டுவிட்டேன். 'இதைப் போலவே' என்று எழுதக் கை போனால் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவது நல்லது.)

மூன்றாவதாக வந்ததுதான் நீங்கள் மேலே படித்தது. அந்தப் பேச்சு எனக்கு அப்படியே கிடைத்தது. நான் எதுவும் செய்யவில்லை.

4

ஏன் பிரிகிறார்கள் என்று இனி சொல்ல வேண்டும். நாவல்களில் இதற்கு இருநூறு பக்கம் எடுத்துக்கொள்வார்கள். இங்கே இருந்தது ஒரு பத்தி.

அண்ணியின் கடை முதலாளி வேறு ஊரில் லென்ஸ் பட்டறை ஒன்று தொடங்கினார். அதைப் பொறுப்பேற்று நடத்த அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி வீட்டுக்கு வந்து கேட்டாள்: "போகட்டுமா?" அண்ணன் சொன்னான்: "உன் இஷ்டம்." ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி, "உன் இஷ்டம்." மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, சொன்னாள்: "போறேன்." அதற்கு அண்ணன், "சரி" என்றான். அதற்குப் பிறகு திரும்பி வருவதைப் பற்றிய பேச்சே வீட்டில் எழவில்லை.

இவ்வளவுதானா என்று கதைக்காரிக்கே சந்தேகம். இதை அண்ணியிடம் கேட்டாள்.

"இதுக்குப் போயா?"

"ஆறு வருஷமா எதைக் கேட்டாலும் இதேதான். சினிமாவுக்குப் போலாமா, உன் இஷ்டம். குழந்தை உண்டாகலையே, டாக்டரைப் பாக்கலாமா, உன் இஷ்டம். எல்லாத்துலயும் நான் ஒருத்தியே ஆசைப்பட்டுட்டு இருந்தா எப்படி? போகாதேன்னு வேணாம். போன்னாவது சொல்லலாம்ல?"

பாத்திரம் என்ற முறையில் அண்ணனை எனக்குப் புரியவில்லை. அவன் கெட்டவனாக இருந்தால் எழுதிவிடலாம். பயணம் முடிவான வாரத்தில் அண்ணியின் பெட்டியை எடுத்துச் சக்கரங்களைக் கழற்றி, சுற்றிச் சிக்கியிருந்த முடியெல்லாம் பிடுங்கி, எண்ணெய் போட்டு மாட்டி, கூடத்தில் முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தான். அண்ணி என்னிடம் சொன்னாள்: "சத்தமே வரலை பாரு. எவ்வளவு நல்ல மனுஷன்." அவள் குரலில் எண்ணெய் இல்லை.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. பிரிவுப் பேச்சுக்கு நான்கு மாதம் முன்பு செடியின் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. புதனும் சனியும் தண்ணீர் என்று கார்டு சொன்னது, ஊற்றினோம். மழை மாதம், மண் காயவே இல்லை, ஆனாலும் ஊற்றினோம். இலை விழ விழ, தண்ணீர் போதவில்லையோ என்று அண்ணன் அரை டம்ளர் கூட்டினான். நர்சரிக்காரர் வந்து தொட்டியைக் கவிழ்த்தார். வேரில் பாதி பழுப்பாகிக் கூழாக இருந்தது, நாற்றம் வேறு. அழுகியதை வெட்டி, புது மண் போட்டு, மண்ணில் விரலை இரண்டு கணு இறக்கிக் காட்டினார். "இதுவரைக்கும் காஞ்சிருந்தாத்தான் தண்ணி. செடிக்குப் புதன் சனி தெரியாதுங்க." "எங்க வீட்டுக்காரருக்கு அது மட்டும்தாங்க தெரியும்" என்றாள் அண்ணி. அண்ணன் அன்றைக்கே கார்டைத் திருத்தினான். புதனை அடித்துவிட்டு, சனியை மட்டும் வைத்துக்கொண்டான்.

5

கட்டுப் போட்ட ஞாயிற்றுக்கிழமை.

பாசி வாங்கக் கதைக்காரிதான் போயிருந்தாள். நர்சரிக்காரர் காய்ந்த பாசியை ஒரு பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "வளையமா பட்டையை உரிச்சா மட்டும் பத்தாதும்மா. உள்ள வழவழன்னு ஒரு தோல் இருக்கும். அதைப் பிளேடால சுரண்டி எடுத்துடணும், கட்டை மாதிரி சொரசொரன்னு ஆகுற வரைக்கும். விட்டுட்டா பட்டை திரும்பச் சேர்ந்துக்கும். வேர் வராது."

அவர் இதைச் சொன்னது அவளிடம் மட்டும்.

செடி அப்போது அண்ணியைவிட உயரம். மேலே பதினொரு இலை, கீழே பதினான்கு. எண்ணித்தான் இடம் குறித்தார்கள். அந்த இடத்தை ஒட்டி இருந்த இரண்டு இலையைக் கிள்ளினார்கள். அண்ணன் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அண்ணி ஊறவைத்த பாசியைப் பிழிந்து உருண்டையாக்கினாள். பிளேடு கதைக்காரியிடம். "உனக்குத்தான் கை நடுங்காது, நாள் பூரா ஒற்றெழுத்து தேடறவ" என்றாள் அண்ணி.

மேலே ஒரு வட்டம், ஓர் அங்குலம் கீழே ஒரு வட்டம். வெட்டிய இடத்திலிருந்து பால் கொட்டியது. பசுவின் மடிபோல அவ்வளவு வெள்ளை— (கூடாது. பால் வந்தது. போதும்.) அண்ணி ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். "கையில படாம பாத்துக்க, அரிக்கும்." பட்டை மோதிரம் மாதிரி கழன்று வந்தது. பாசியை வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரண்டு முனையும் இறுக்கிக் கட்டி, வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் மேலே கறுப்புத் துணி ஒன்றும் சுற்றினார்கள்.

அண்ணன் கார்டில் எழுதினான். செய்த வேலை: பதியம். குறிப்பு: சரி. அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

(இந்தப் பகுதியில் ஒரு வாக்கியம் குறைகிறது. எழுதாமல் தாண்டிவிட்டேன். திரும்பி வருவேன்.)

6

வாரா வாரம் ஞாயிறு கறுப்புத் துணியை அவிழ்த்துப் பார்ப்பார்கள். அண்ணி கடையின் உருப்பெருக்கி லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு தாளோடு தாளாக ஒட்டி நிற்பாள்.

"வெள்ளையா ஒண்ணு தெரியுது."

"அது பாசி நார், அண்ணி."

"இது?"

"அதுவும்தான்."

ஆறாவது வாரம், ஒன்றும் இல்லை. ஏழாவது வாரம், ஒன்றும் இல்லை. உச்சியில் மட்டும் சிவப்பு உறை பிரிந்து புது இலை ஒன்று சுருள் அவிழ்ந்துகொண்டிருந்தது. தன்னைப் பற்றி இத்தனை பேச்சு நடப்பது தெரியாமல்.

எட்டாவது வாரம் கதைக்காரி புது வரைவு ஒன்றை அண்ணியிடம் கொடுத்தாள். வேர் ஏன் வரவில்லை என்பதற்கு அதில் காரணம் இருந்தது. கதையில் வரும் லிஃப்ட் மெக்கானிக் தினமும் காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், மனைவி குளிக்கிற நேரத்தில், மேல் முடிச்சைத் தளர்த்தி விடுகிறான். காற்று புகுந்து பாசி உலர்கிறது. சாயங்காலம் மறுபடி இறுக்கிவிடுகிறான். கார்டில் எழுதாமல் அவன் வாழ்க்கையில் செய்த ஒரே வேலை அது. வேர் வராதவரை அவள் போகமாட்டாள்.

நன்றாக வந்திருந்தது. சொன்னால் தற்பெருமை, இருந்தாலும் நன்றாகத்தான் வந்திருந்தது.

அண்ணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். முடித்துவிட்டுத் திருப்பி முதல் தாளிலிருந்து படித்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

"நெஜமா?"

"கதை, அண்ணி."

"கதைன்னு தெரியுது. நெஜமான்னு கேட்டேன்."

கதைக்காரி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

7

அதற்கப்புறம் மூன்று நாள் அந்த வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அண்ணி பெட்டியைப் பரணில் ஏற்றினாள். காலையில் குளிக்கப் போகுமுன், "நான் குளிக்கப் போறேன்" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் ஒன்றும் புரியாமல், "போ, யார் வேணாங்கறா" என்றான்.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க கத்துவாங்கல்ல, அவங்ககிட்ட முதல்ல என்ன சொல்வீங்க?"

"பயப்படாதீங்க, வந்துட்டேன்னு சொல்வேன்."

"யாருன்னே தெரியாதவங்ககிட்டயா?"

"மாட்டிக்கிட்டவங்களாச்சே."

அண்ணி வெகுநேரம் சிரித்தாள். அண்ணனும் பின்னாலேயே சிரித்தான், எதற்கென்று தெரியாமல். கதைக்காரி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை, அண்ணன் காலணி மாட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணி செடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தினம் இந்தக் கட்டைத் தளர்த்தி விட்டீங்களா?"

"எந்தக் கட்டை?"

"இதை. என்கிட்ட சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"நானா? கார்டுல ஏறாம நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?"

அண்ணனுக்குப் பொய் வராது. அது அண்ணிக்கும் தெரியும். அவள் முகத்தில் அப்போது நடந்ததை ஆறு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் தூசி இல்லை.

இப்போது அந்தக் குறைகிற வாக்கியம். ஐந்தாம் பகுதியில், பட்டை மோதிரம் மாதிரி கழன்று வந்தது என்பதற்கு அடுத்து வர வேண்டியது:

கதைக்காரி உள்தோலைச் சுரண்டவில்லை.

நான் சுரண்டவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. நர்சரிக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. பிளேடு கையில் இருந்தது. "ஆச்சு, பாசியை வைங்க" என்று சொன்னேன்.

அன்று காலை அதைத்தான் அவர்களிடமும் சொன்னேன். கதையில் எழுதின மாதிரி அழகாக வரவில்லை. "நான்தான் அண்ணி, சுரண்டாம விட்டுட்டேன்" என்று ஒரே மூச்சில்.

அண்ணன் காலணியைக் கழற்றிவிட்டு வந்து கட்டைப் பிரித்தான். பாசி ஈரமாகத்தான் இருந்தது. உள்ளே, மேல் வட்டத்துக்கும் கீழ் வட்டத்துக்கும் நடுவில், புதுப் பட்டை பச்சையாகப் பாலம் போட்டுச் சேர்ந்திருந்தது. கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். காயம் ஆறிவிட்டது.

"ஏன் பாப்பா?" என்றான் அண்ணன்.

"வேர் வந்தா அண்ணி போயிடுவாங்கல்ல."

"இதைச் சொல்றதுக்கு உனக்கு எட்டு வாரமா?"

"அவளாவது எட்டு வாரத்துல சொல்லிட்டா" என்றாள் அண்ணி.

அண்ணன் பிரித்த பிளாஸ்டிக் தாளை நாலாக மடித்தான், பிறகு எட்டாக. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான். அன்று சாயங்காலம் வந்து ஃபேனைக் கழற்றினான்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள், இறக்கினேன். "உன்மேல ஒண்ணும் கோவம் இல்லடி கதைக்காரி" என்றாள், பெட்டியைத் திறந்துகொண்டே. "நீ அவரை ரொம்ப நல்லா எழுதிட்டே. மூணு நாள் நம்பிட்டேன்."

ஞாயிறு காலை ரயில். செடி இங்கேயே இருக்கட்டும், அங்கே வேறு வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: அவள் போகிறாள். கதைக்காரி சனிக்கிழமைக் கணக்கை விட்டுவிட்டு, மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறாள். செடி செழிக்கிறது. இலைகளில் தூசி. (நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

இரண்டாம் முடிவு: ரயில் கிளம்புகிறது. நடைமேடையில் லிஃப்ட் மெக்கானிக் ஓடி வருகிறான். (அண்ணன் ஓடமாட்டான். படிக்கட்டில்கூட ஓடமாட்டான்.)

மூன்றாம் முடிவு: ஆண்டுகள் பல கடந்தபின், அயல்நகரம் ஒன்றின் கண்ணாடிக் கடையில் ஒரு பெண் தன் கதையைத் தானே கையிலெடுத்து, முதல் பக்கம் கறுத்துப்போய்— (போதும்.)

இனி வருவது நான் யோசித்தது இல்லை. இன்று சனிக்கிழமை. மதியம் அண்ணன் அரைநாள் விடுப்பில் வந்தான். கையில் ஒரு பை. நர்சரியில் கொடுக்கும் அதே பாசிப் பை. என்னிடம் ஒன்றும் பேசவில்லை. வாளியில் பாசியை ஊறவைத்தான். டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு செடிக்குப் போனான், சனிக்கிழமையாயிற்றே. ஊற்றப் போனவன் நின்று, விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்கினான். எடுத்துப் பார்த்தான்.

"ஈரமா இருக்கு பாப்பா" என்றான். தண்ணீரைத் தானே குடித்துவிட்டான்.

பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கார்டை மடியில் வைத்துக்கொண்டான். நான் இந்த மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேதி போட்டான். அடுத்த கட்டத்தைச் சீக்கிரம் நிரப்பினான். குறிப்புக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'சரி' என்று எழுத அவ்வளவு நேரம் ஆகாது. எழுந்துபோய் ஃபேனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். மறுபடி உட்கார்ந்தான். எழுதினான். கையெழுத்துப் போட்டான். கார்டை வெளியே பார்க்கத் திருப்பித் தொங்கவிட்டு, முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டான். நேற்றுத்தான் வெட்டிக்கொண்டான்.

அண்ணி கடையில் கணக்கு ஒப்படைத்துவிட்டு வர இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உள்ளே அவள் பெட்டி மூடித் தயாராக நிற்கிறது. அந்த அரை மணியில்தான் இதை எழுதி முடிக்கிறேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன், அவர்கள் விஷயத்தில் நான் எழுதியதும் எழுதாமல் விட்டதும் ஏற்கெனவே அதிகம். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டால், அவசரப்படாதீர்கள் என்பேன்.

எழுந்துபோய்க் கார்டைப் படித்தேன். சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது. அந்த வரியை இன்னும் நன்றாக்கலாம் என்று கை பரபரத்தது. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. இருக்கிறபடியே தருகிறேன், குறிப்புக் கட்டத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளி.

தேதி: இன்றைய தேதி.

செய்த வேலை: ஒன்றும் இல்லை. பாசி ஊறுகிறது. இந்தத் தடவை நானே சுரண்டுகிறேன்.

மெக்கானிக் கையெழுத்து: போட்டிருக்கிறது.

வாடிக்கையாளர் கையெழுத்து: காலி. பேனா நூலில் தொங்குகிறது.

குறிப்பு: எட்டு வாரம் ஆகும். போகாம இருக்கியா?